இங்கே பயம் வேண்டாம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்ற சொல் கிடையாது. 'கீழே இறக்குவது' என்றுதான் சொல்வார்கள். ஃபெயில் என்று சொல்லியிருந்தாலே தேவலை. ஏனென்றால் இது நிஜமாகவே கீழே இறக்குவதுதான். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கீழ்க்கூடத்தில் யு.கே.ஜி., மாடியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள், நடுவில் மரப்படி. ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் தயாராகவில்லை என்று முடிவான குழந்தை, தன் பையையும் சிலேட்டையும் தானே தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்க வேண்டும். படி ஒவ்வொன்றும் முனகும். மேலே இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கீழே இருக்கும் பொடிசுகள் அண்ணாந்து பார்க்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பையன் அப்படி இறங்கினான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆசிரியர் பயிற்சி முடித்த சூட்டோடு ஒன்றாம் வகுப்பு என் கைக்கு வந்தது. தி. நகரிலிருந்து 12பி பஸ் பிடித்து, லஸ்ஸில் இறங்கி நடந்து வருவேன். எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் குழந்தைகள் பக்கம் திரும்பக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். நான் படித்த காலத்தில் ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் தட்டித் தட்டித்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த முட்டி வலிப்பதாக எனக்கு ஒரு பிரமை உண்டு.

அதனால் பள்ளி திறந்த முதல் நாளே வகுப்புக் கதவில், குழந்தைகளின் கண் உயரத்தில், ஒரு மஞ்சள் சார்ட் ஒட்டினேன். நடுவில் சிரிக்கும் சூரியன். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'இங்கே பயம் வேண்டாம்.' வந்த குழந்தைகளை எல்லாம் கதவுக்கு முன்னால் உட்கார வைத்து, விரல் வைத்து வாசித்துக் காட்டி, கோரஸாகச் சொல்ல வைத்தேன். சந்தே அதிர்ந்தது.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் மேலே வந்தார். தலைமையாசிரியையை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிசு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சார்ட்டைப் படித்தார்.

"சூரியன் நன்னா வந்திருக்கு. ஆனா கொஞ்சம் பயமும் வேணும்மா. சுத்தமா பயமே இல்லேன்னா இதுகள்லாம் நம்ம தலைமேல ஏறி உக்காந்துண்டுடும்."

"உட்காரட்டும் டீச்சர்" என்றேன். அவர் இறங்கிப் போனார். படிகள் அவருக்காகவும் முனகின.

என் வகுப்பில் பெஞ்சு கிடையாது, பாய்தான். பிஸ்கட் டின் மூடிகளில் கடற்கரை மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதுவோம். தப்பாகப் போனால் மூடியை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், தப்பு போன இடம் தெரியாது. இதற்காகவே சிலர் வேண்டுமென்று தப்பாக எழுதினார்கள். தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு எழுத்துகளை எழுதி, நான் சொல்லும் எழுத்தில் குதிக்கச் சொல்வேன். 'ங' சொன்னால் யாரும் குதிக்க மாட்டார்கள். பாவம், அந்த வட்டம் மட்டும் அழியாமலே இருக்கும். களிமண்ணில் எழுத்து செய்வோம். 'ழ' செய்வதற்குள் களிமண் தீர்ந்துவிடும். அது போதாதென்று வாயிலும் அது வராது. வகுப்பில் பாதிக் குழந்தைகளுக்கு மழை 'மய', கிழங்கு 'கெயங்கு'. சென்னையில் அது ஒரு குறையா என்ன? வரும்போது வரட்டும் என்று விட்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமைச் சந்தை. பாய் மேல் காய்கறிக் கடை போடுவோம். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று கொண்டு வருவார்கள், ஒரு கத்தரிக்காய், அரை முருங்கைக்காய், வாடின கொத்தமல்லி. பழங்களை மட்டும் நாங்களே களிமண்ணில் செய்து சாயம் பூசி வைத்திருந்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதின அட்டைகள். எந்த அட்டை எந்தக் கூடைக்கு என்று படித்து வைப்பவர்தான் அன்றைக்குக் கடைக்காரர். கடைக்காரர் ஆவதற்காக ஒருவன் ஒரே வாரத்தில் 'வ' வரிசையைக் கரைத்துக் குடித்தான். ஸ்கேலுக்கு அந்தச் சக்தி உண்டா?

பள்ளி திறந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். குளத்தங்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்பவரின் மகள். அப்பாவால் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு மேலே வர முடியவில்லை. பள்ளிக்கூடத்து ஆயாதான் கூட்டி வந்தார். வாசலில் நின்றவள், என் சார்ட்டையே பார்த்தாள். அவளுடைய வலது கை பைக்குள் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக வெளியே எடுத்தாள், கையில் ஒன்றும் இல்லை. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டையும் இறுக்கிக்கொண்டு, உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள்.

அந்த உதடு அப்புறம் திறக்கவே இல்லை.

பெயர் கேட்டால் மௌனம். பாட்டு என்றால் மௌனம். குதிக்கச் சொன்னால் சரியான எழுத்தில் குதிப்பாள், ஆனால் எல்லோரும் குதித்த பிறகு கடைசியாக. பார்த்துக் குதிக்கிறாளா படித்துக் குதிக்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. மணலில் எழுதுவாள், நான் பக்கத்தில் போனால் ஒரு குலுக்கு. இடைவேளையில் பையோடு கதவுக்கு வெளியே போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, எதையோ அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, குழாயடியில் போய் வாயைக் கொப்பளிப்பாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. பல் தேய்க்கும் குழந்தைகூட அப்படிக் கொப்பளித்து நான் பார்த்ததில்லை. சுத்தமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

பழக்காரர் மகள் சந்தைக்கு என்ன கொண்டு வருவாள் என்று மற்ற குழந்தைகளுக்கு ஒரே ஆவல். முதல் வெள்ளிக்கிழமை ஒரு வெங்காயம் கொண்டு வந்தாள். அடுத்த வாரமும் வெங்காயம். அதற்கடுத்த வாரமும் அதே வெங்காயம்தான் என்று எனக்குச் சந்தேகம், முளை விட்டிருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. களிமண் பழங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. தேடினால் வகுப்பு வாசலுக்கு வெளியே, சார்ட்டுக்கு நேர் கீழே, சுவரோரமாக வரிசையாக இருக்கும். மாம்பழம், வாழைப்பழம், கொய்யா என்று ஒன்று விடாமல். காய்கறிகளை யாரும் தொடவில்லை. பையன்களின் குறும்பு என்று நினைத்து வகுப்பையே உட்கார வைத்து ஒரு மூச்சு கத்தினேன். வைராக்கியம் எல்லாம் அன்று கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ஒரு நாள் இடைவேளை முடியும் முன்பே மேலே வந்துவிட்டேன். வகுப்பில் அந்தப் பெண் மட்டும். காலையில் கலைந்து கிடந்த பெயர் அட்டைகள் எல்லாம் அதனதன் கூடையில் இருந்தன, கத்தரிக்காய்க்குக் கத்தரிக்காய், வெண்டைக்காய்க்கு வெண்டைக்காய். அவள் கையில் களிமண் சாயம். களிமண் பழங்கள் வாசலுக்கு வெளியே. என்னைப் பார்த்ததும் ஓடிப் போய் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இவளுக்குப் படிக்கத் தெரியும்!

கீழே ஓடிப் போய்ப் பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

"படிக்கத் தெரிஞ்சவ பழத்தைத் தூக்கி எதுக்கு வெளியில வெப்பா?" என்றார்.

நான் மறுபடி மேலே போய்ப் பழங்களை உள்ளே எடுத்து வைத்தேன்.

காலாண்டுப் பரீட்சை நெருங்கியது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் கெட்டது என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை மேல வரேன். அந்தக் குழந்தை என் முன்னாடி ஒரு பக்கம் வாயைத் தொறந்து வாசிக்கணும். இல்லேன்னா கீழ வரட்டும்."

நான் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினேன். குதிக்கிறாள், எழுதுகிறாள், அட்டை வைக்கிறாள் என்றேன். அவர் அத்தனையும் கேட்டார்.

"போன வருஷம் இப்படித்தான், வாசிக்கும் வாசிக்கும்னு ஒரு குழந்தையை மேல மேல ஏத்தினோம். ரெண்டாம் கிளாஸ்ல அதால தாக்குப்பிடிக்க முடியலை. ஒரு நாள் வரலை, அப்புறம் வரவே இல்லை. எனக்கு அது தொண்டையில முள்ளா நின்னுண்டிருக்கு. உனக்குப் புரியறதோ?"

புரிந்தது. அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வாரம் முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். பொம்மை பேசுவதுபோல் பேசிக் காட்டினேன், காதில் ரகசியம் சொல்லச் சொன்னேன், கதையை நடுவில் நிறுத்தி முடிவைச் சொல்லச் சொன்னேன். அவள் கண் முழுக்கச் சிரிப்பு இருக்கும். உதடு மட்டும் பூட்டு. வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சந்துக்குள் திரும்பாமல் நேரே குளத்தங்கரைக்குப் போனேன். அவளுடைய அப்பாவைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. உள்ளுக்குள் அந்த முளைவிட்ட வெங்காயம் வேறு உறுத்திக்கொண்டிருந்தது. வண்டி நிறையப் பழம் வைத்திருக்கிற மனுஷருக்கு, பிள்ளை கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லையா? மற்ற பிள்ளைகள் முன்னால் அது குன்றிப்போய்த்தான் வாயை மூடிக்கொண்டதோ?

அவர் வாழைத்தாரிலிருந்து சீப்பு அறுத்துக்கொண்டிருந்தார். வண்டியில் பழக்குவியல்களுக்கு நடுவே விலை அட்டைகள் செருகியிருந்தன. நான் கேட்க வேண்டியதைப் படபடவென்று கேட்டுவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா டீச்சர் இப்டிக் கேட்டுட்டீங்க? மொத நாளு உங்களுக்குன்னு நல்ல பயமாப் பொறுக்கி நான்தான் பையில வெச்சு அனுப்பனேன். அப்டியே திருப்பி எடுத்தாந்துச்சு. தெனம் வெக்கறேன், தெனம் யாரும் பாக்காம துன்ட்டு வந்துடுது. கேட்டா, இஸ்கூலாண்ட பயம் வேணாமாம். டீச்சரு எய்திப் போட்டுக்கீறாங்களாம்."

"நானா? பழம் கொண்டு வரக் கூடாதுன்னா? நான் எப்போ எழுதினேன்?"

"எனக்கு இன்னா தெரியும்? எனக்குப் படிப்பு ஏறல. அதோட அம்மாதான் இந்த அட்டையெல்லாம் எய்தும். அத்தப் பாத்துப் பாத்துத்தான் புள்ளயும் கத்துக்கினுது."

அட்டைகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். 'வாயப்பயம்', 'கொய்யாப்பயம்.' ஒரு சிவப்புப் பேனா கிடைத்தால் தேவலை என்று கை பரபரத்தது. பிள்ளை பொய் சொல்லியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"இன்னிக்கு வாசிக்கலைன்னா கீழ் வகுப்புக்கு அனுப்பிடுவாங்க" என்றேன், குரலைத் தணித்துக்கொண்டு.

அவர் அறுத்த சீப்பை வண்டியில் அடுக்கினார். பிறகு சொன்னார்: "கீய எறக்குனா படிப்பே வேணாம் டீச்சர். எங்க சந்துல பசங்க சிரிச்சே அத்தக் கொன்னுடும். அதுக்கு வண்டியாண்டயே குந்திக்கினு கெடக்கட்டும். எங்கம்மாவும் அப்டித்தான் குந்திக்கினு இருந்துச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் படிகள் முனகின. வெள்ளிக்கிழமை பெரிய டீச்சருக்கு விரதம், பொழுது சாயும்வரை பழம் மட்டும்தான். அதனால் அன்று அவருக்குக் கோபம் ஒரு பிடி கூடுதல் என்பது ஆயாவின் அபிப்பிராயம். சந்தைக் கடையெல்லாம் விரித்திருந்தோம். யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. குழந்தைகளுக்குக்கூட விஷயம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

பெரிய டீச்சர் என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, பாடப் புத்தகத்தைப் பிரித்தார்.

"இது என்ன, சொல்லு."

மௌனம்.

"சரி, இது வேண்டாம். இந்தப் பக்கம். இது?"

யாரோ பின்னாலிருந்து 'மரம்' என்று கிசுகிசுத்தார்கள். பெரிய டீச்சர் நிமிர்ந்து பார்த்ததும் கிசுகிசு அடங்கியது.

"பயப்படாதேம்மா. ஒரே ஒரு எழுத்து சொல்லு. 'ம' சொல்லு போறும்."

அவளுடைய கண் எழுத்தின் மேல் ஓடுவதை நான் பார்த்தேன். இடமிருந்து வலம், ஒழுங்காக, வரி வரியாக. வாசித்துக்கொண்டிருந்தாள்! உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். அது பிடிவாதம் இல்லை. எதையோ வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

பெரிய டீச்சர் புத்தகத்தை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஆயா, இவ பையை எடு" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

ஆயா வருமுன் அந்தப் பெண்ணே போய்த் தன் பையை எடுத்தாள். சிலேட்டை எடுத்தாள். அழவில்லை. வகுப்பு முழுக்கப் பாயை விட்டு எழுந்து நின்றது. கதவு வரைக்கும் நடந்தவள், அங்கே நின்றுவிட்டாள். சார்ட்டைப் பார்த்தாள், முதல் நாள் பார்த்த அதே பார்வை. அவளுடைய வலது கை பைக்குள் போனது.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. டீச்சரு எய்திப் போட்டுக்கீறாங்களாம். அந்தக் கதவில் நான் எழுதிப் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

தமிழில் 'ப' ஒன்றுதான். பல்லுக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. எங்கே எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுத்து சொல்லாது, பழக்கம்தான் சொல்லும். நான் எழுதின பயம், பஸ்ஸில் வருகிற ப. அவள் படித்த பயம், பல்லில் வருகிற ப. அவள் வீட்டு வண்டியில், அவளுடைய அம்மாவின் கையெழுத்தில், தினமும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ப. மற்ற குழந்தைகளுக்கு நான் முதல் நாளே வாசித்துக் காட்டிவிட்டேன். அவள் அப்புறம் வந்தவள். தானாகவே படித்தாள். இங்கே பழம் வேண்டாம் என்று படித்தாள். வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்த களிமண் பழங்கள் எல்லாம் என் கண்முன் ஓடின. நான் போட்ட உத்தரவை வகுப்பில் ஒழுங்காக நிறைவேற்றிய ஒரே ஆள் அவள்தான்.

"நில்லு!" என்று கத்திவிட்டேன். ஓடிப் போய் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

எங்கள் வீட்டில் ழகரம் வராவிட்டால் சோறு கிடையாது என்கிற அளவுக்குக் கெடுபிடி. அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எழுத்தை முழுங்கிவிட்டு, அவளுடைய அப்பா சொன்னதுபோலவே, பல்லில் வருகிற ப போட்டு, 'இருக்கா'வைக்கூட 'கீதா'வாக்கிக் கேட்டேன்.

"உன் பையில பயம் கீதா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கீது."

அடிக்குரல். இவ்வளவு சின்ன உடம்புக்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். காம்பு கறுத்திருந்தது.

"ஏம்மா இத்தனை நாளாக் குடுக்கலை?"

விரலைச் சார்ட்டில் வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். "இங்... கே... ப... யம்... வேண்... டாம்."

"சரி, வாயை ஏன் மூடிக்கிட்டே இருந்தே?"

"காத்தால வூட்ல பயம் துன்னுட்டு வருவேன். வாயத் தொறந்தா பயம் வாசன வரும்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. குழாயடியில் அவள் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினது நினைவுக்கு வந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நெடுங்கணக்கில் இரண்டு ப வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பின்னால் பெரிய டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மறுபடி பிரித்து அவள் முன் நீட்டினார்.

"இங்க உன் வாய் வாசனையை யாரும் பாக்க மாட்டா. வாசி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். மரம், படம், பட்டம், வரிசையாக, தயக்கமே இல்லாமல், வண்டிக்காரர் மகளுக்கு உரிய குரலில். கீழ்க்கூடத்துப் பொடிசுகள் சத்தத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்திருக்கும். பக்கத்தின் கடைசி வரியில் வாழை மரம் இருந்தது. 'வாயை மரம்' என்று வாசித்தாள்.

பெரிய டீச்சரின் விரல் அந்தச் சொல்லின் மேலேயே நின்றது. பாவிப் பெண்ணே, கடைசிச் சொல்லில் போய்க் கோட்டை விட்டாயே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"ழ வரலை" என்றார்.

"வரும் டீச்சர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வராம எங்க போயிடும்? ழ வரலேன்னு கீழ எறக்க ஆரம்பிச்சா, இந்த ஊர்ல பாதிப் பேரை எறக்கணும்." அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி ஆயாவிடம் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் அவ இடத்துல வை."

ஆயா வைத்தார். வகுப்பே மூச்சு விட்டது.

பெரிய டீச்சர் குனிந்து அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினார். "எனக்கு இன்னிக்குப் பழம்தான் ஆகாரம். குடுக்கறயா?"

அவள் கொடுக்கவில்லை. பழத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். உத்தரவு இன்னும் அங்கேதானே இருக்கிறது. பெரிய டீச்சர் கேட்டாலும் சட்டம் சட்டம்தான். நான் எழுந்து சார்ட்டைக் கிழித்து எறியப் போனேன். சூரியன் மேல் கை வைத்தும் விட்டேன். பெரிய டீச்சர் என்னைத் தடுத்துவிட்டு, சந்தைக் கடையிலிருந்து ஒரு கறுப்புக் கிரயானை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நீயே மாத்து."

அவள் பழத்தை என் கையில் கொடுத்தாள். சார்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, 'வேண்டாம்' என்பதில் 'டா'வைக் குறுக்கே அடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். உதடு தானாக அசைந்தது. அதற்கு மேலே 'டு' எழுதினாள், கொஞ்சம் கோணலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத டு.

பெரிய டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழு வாசகத்தையும் சத்தமாகப் படித்தார், பஸ்ஸுக்கு வருகிற ப போட்டு. "இங்கே பயம் வேண்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கே சொன்னேனோ இல்லியோ?"

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கி, அங்கேயே நின்று உரித்துச் சாப்பிட்டார்.

அந்த சார்ட்டை நான் கழற்றவில்லை. வருஷம் முழுக்க அப்படியே இருந்தது. மேலே வந்த பெற்றோர்கள் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். யாருக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை. அவள் மட்டும் தினமும் காலையில் வாசலில் நின்று அதை ஒரு தடவை படிப்பாள். படித்து முடித்ததும் வாயைத் திறந்து 'டீச்சர்' என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருவாள். பக்கத்தில் வரும்போது வாழைப்பழ வாசனை வரும்.